ஜப்பான் கம்பெனிகள் கடல் தாண்டி வருவது ஏன்? 240 யென் 130 ஆன கதை

ஸ்ரீபெரும்புதூர்:

ஓரகடத்தில் ஷிப்டு பஸ்சுக்கு நிற்பவர்களுக்கு ஜப்பான் கம்பெனி என்றால் புதுசு இல்லை. 2010 மார்ச்சில் நிசான் நிறுவனம் பிரான்சின் ரெனால்டுடன் சேர்ந்து இங்கு கார் ஆலையைத் திறந்தது. "கூலி கம்மி, அதான் வர்றாங்க" என்பது டீக்கடைகளில் கேட்கும் பேச்சு. அது பாதிதான் உண்மை. ஜப்பான்காரர்கள் முதலில் பெரிய அளவில் கார் ஆலை போட்டதே கூலி அதிகமான அமெரிக்காவில்தான்.

கப்பலுக்கு கட்டுப்பாடு

1970-களில் பெட்ரோல் விலை எகிறியதும் அமெரிக்கர்கள் ஜப்பானின் சின்ன கார்களை வாங்கத் தொடங்கினர். உள்ளூர் ஆலைகளில் வேலை பறிபோனது. பெரும் கூச்சல் எழுந்தது. 1981-ல் அமெரிக்கா கொடுத்த நெருக்கடியால், ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவது இல்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது.

கப்பலில் வந்தால்தானே கணக்கு? அங்கேயே செய்தால்? ஹோண்டா 1982-ல் ஒகையோ மாநிலத்தில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டென்னசியில் நிசான் இறங்கியது.

ஓட்டலில் போட்ட ஒப்பந்தம்

பெரிய அடி 1985 செப்டம்பர் 22-ந்தேதி விழுந்தது. நியூயார்க் பிளாசா ஓட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய 5 நாடுகளின் நிதி மந்திரிகள் கூடி, டாலர் மதிப்பைக் குறைக்க முடிவு செய்தனர். அப்போது ஒரு டாலருக்கு 240 யென் அளவில் கிடைத்தது. 1988-ல் அது 130 யென் அளவுக்கு வந்து விட்டது.

கணக்கு சுலபம். 10 ஆயிரம் டாலருக்கு ஒரு கார் விற்றால் முன்பு 24 லட்சம் யென் கைக்கு வரும். பிறகு வந்தது 13 லட்சம்தான். ஆனால் ஜப்பானில் தொழிலாளிக்கு சம்பளம் யென்னில்தானே கொடுக்க வேண்டும்? அது குறையுமா? விலையை ஏற்றினால் வாங்க வருபவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

அதே நேரம், கையில் உள்ள யென்னுக்கு வெளிநாட்டில் நிலம், ஆலை எல்லாமே மலிவாகி விட்டது. 1985-ல் ஜப்பானியர் வெளிநாட்டில் போட்ட முதலீடு சுமார் 1,200 கோடி டாலர். 1989-ல் அது 6,700 கோடி டாலரைத் தாண்டியது. தாய்லாந்து, மலேசியாவுக்கு டி.வி., உதிரிபாக ஆலைகள் வரிசையாகப் போயின.

பட்டறைகள் மூடல்

இதில் அடிபட்டவர்கள் ஜப்பானிலேயே உண்டு. டோக்கியோவின் ஓட்டா பகுதியில் 1983-ல் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பட்டறைகள் இருந்தன. லேத் போட்டு பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவர்கள். ஆர்டர் வெளிநாடு போனது, வேலைக்கு வர பையன்களும் இல்லை. இன்று பாதிகூட மிச்சம் இல்லை.

வந்த கம்பெனி நிலைக்குமா என்பதுதான் தொழிலாளர்களின் கவலை. 1982-ல் மாருதியில் 26 சதவீத பங்குடன் நுழைந்த சுசுகி, இப்போது அதன் முதலாளி. ஓரகடத்தில் நடந்தது வேறு. ஆலையில் நிசானுக்கு இருந்த 51 சதவீத பங்கை ரெனால்டு வாங்குவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. நிசான் கார் உற்பத்தி இங்கேயே தொடரும் என்றும் சொல்லப்பட்டது.

சொந்த நாட்டிலும் நிசான் கை வைத்துள்ளது. 1961-ல் தொடங்கிய அதன் ஒப்பாமா ஆலையில் 2028 மார்ச்சுக்குள் கார் உற்பத்தி நிறுத்தப்படும் என்று 2025 ஜூலையில் அறிவித்து விட்டது.