குற்ற எண் வாங்காமல் திரும்பலாமா?

விடியற்காலை ஐந்தரை மணி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றிய காய்கறி மூட்டைகளுடன் வேன் கடையம் கடைத்தெருவில் வந்து நிற்கிறது. கடைக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு போனால், ஷட்டரின் பூட்டு உடைந்து தரையில் கிடக்கிறது. உள்ளே கல்லாப்பெட்டி கவிழ்ந்திருக்கிறது. எண்ணெய் டின்களையும் சிகரெட் பண்டல்களையும் காணோம்.

நம்மில் எவருக்கும் இப்படி ஒரு காலை வரக்கூடாது. ஆனால் வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேருடன் காவல் நிலையம் போகிறோம். ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் ஒரு ரசீது கொடுக்கிறார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'கம்ப்ளெய்ண்ட் கொடுத்தாச்சு' என்று வியாபாரத்தைப் பார்க்கத் திரும்பி விடுகிறோம். சில மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி 'குற்ற எண் என்ன?' என்று கேட்கும்போதுதான், கையில் இருப்பது வேறு, அவர்கள் கேட்பது வேறு என்பது தெரிகிறது.

பணம் போனது ஒரு நஷ்டம் என்றால், இது அதன்மேல் வரும் இரண்டாவது நஷ்டம். திருடன் செய்ததை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். இதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இரண்டு எண்கள், இரண்டு பயன்கள்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தவுடன் வழக்கமாகக் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு ரசீது என்றும் சொல்வார்கள். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வழக்குப் பதிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது.

வழக்குப் பதிவாவது முதல் தகவல் அறிக்கையில், அதாவது எஃப்.ஐ.ஆரில்தான். அதற்கு ஒரு குற்ற எண் உண்டு. அந்த நிலையத்தில் அந்த ஆண்டில் பதிவான எத்தனையாவது வழக்கு என்பதையும் ஆண்டையும் சேர்த்து அந்த எண்ணை எழுதுவார்கள். புலன் விசாரணை, நீதிமன்றம், மீட்ட பொருளைத் திரும்பப் பெறுவது, இன்சூரன்ஸ் இழப்பீடு எல்லாம் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

ஆகவே ரசீதை வாங்கியதும் அது சி.எஸ்.ஆர். எண்ணா, குற்ற எண்ணா என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். மட்டும் என்றால், 'எஃப்.ஐ.ஆர். எப்போது போடுவீர்கள் ஐயா?' என்று பணிவாகக் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்பதில் தவறில்லை.

சட்டம் நமக்குத் தந்திருப்பது

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆவது பிரிவில் இருந்த விதிகள், 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவுக்கு வந்திருக்கின்றன. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பிரிவு எண்ணை நினைவில் வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் அதை எழுதி, படித்துக் காட்டி, நம்மிடம் கையொப்பம் வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆரின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். இது சலுகை இல்லை, உரிமை.

பிடிவாரண்டு இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்று, லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 12-11-2013 அன்று தீர்ப்பளித்தார்கள். அதே தீர்ப்பில், வியாபாரக் கொடுக்கல் வாங்கல் பற்றிய புகார் போன்ற சிலவற்றில் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். புதிய சட்டப்படி, மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்கு உட்பட்டும் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் இத்தகைய விசாரணையை நடத்தி முடிக்கலாம். அந்த நாட்களில் நம் கையில் சி.எஸ்.ஆர். மட்டும் இருப்பதில் குறை சொல்ல முடியாது. கெடு முடிந்தபின் போய்க் கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

கடன் சரக்கு வாங்கியவர் பணம் தராமல் இழுத்தடிப்பது மட்டும் திருட்டு ஆகாது. அது சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய விவகாரம். அதற்கு எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று காவல் நிலையத்தை நொந்துகொள்வதில் பயனில்லை.

ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வணிகர்கள் அறிய வேண்டிய ஒரு மாற்றம் இருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கான 303-ஆவது பிரிவில், திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் புலன் விசாரணை செய்ய முடியாது. பதிவேட்டில் குறித்துக்கொண்டு நம்மை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள்.

ஆனால் சரக்கு பாதுகாத்து வைக்கும் கட்டடத்திற்குள் நடந்த திருட்டும், லாரி போன்ற வாகனத்திலிருந்து சரக்கைத் திருடுவதும் 305-ஆவது பிரிவில் வருகின்றன. அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. இங்கே இந்த 5,000 ரூபாய்க் கணக்கு கிடையாது. பூட்டை உடைத்து இரவில் நுழைந்திருந்தால் 331-ஆவது பிரிவும் சேரும். ஆகவே புகாரில் 'சாமான் காணாமல் போய்விட்டது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எங்கே இருந்தது, எப்படி உள்ளே வந்தார்கள், எந்தப் பூட்டு உடைந்தது என்று எழுதுங்கள். நடந்ததைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

புகாரில் என்ன இருக்க வேண்டும்?

முதல் வேலை, எதையும் தொடாமல் இருப்பது. கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போலீசுக்குச் சொன்னால் கைரேகை எங்கே கிடைக்கும்? கடையைக் கடைசியாகப் பூட்டிய நேரம், உடைந்திருப்பதைக் கண்ட நேரம், கண்டவர் யார், என்னென்ன போயிற்று, ஒவ்வொன்றின் மதிப்பு என்ன என்பதை வரிசையாக எழுதுங்கள். கொள்முதல் பில்லும் இருப்புக் கணக்கும் மதிப்புக்கு ஆதாரம். போனது செல்போன் என்றால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறிப்பிடுங்கள்.

கேமரா இருந்தால் பதிவை அன்றே தனியாக நகல் எடுத்து வையுங்கள். சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். 11-8-2019 இரவு, நம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர் இருவரை ஒரு முதிய தம்பதி நாற்காலியாலும் செருப்பாலும் விரட்டியடித்ததை நாடே பார்த்தது. நான்கே நாளில், சுதந்திர தின விழாவில், முதலமைச்சர் அவர்களுக்கு விருது வழங்கினார். அவர்களுடைய துணிச்சல் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அந்த வீட்டில் இருந்த கேமரா நம் கடையிலும் இருக்கலாம் அல்லவா?

சரக்கு வழியில் திருடு போனால்?

செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது முக்கியம். லாரியில் ஏற்றிய மூட்டை எந்த ஊர் எல்லையில் போனது என்று தெரியாதபோது, 'அது எங்கள் எல்லை இல்லை' என்ற பதில் வரலாம். புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. இதை 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். பதிவு செய்துகொண்டு உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்பி வைப்பார்கள். அங்கே புதிய குற்ற எண் கொடுப்பார்கள். அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையொப்பம் இட்டால்தான் அது பதிவாகும். வங்கிக் கணக்கிலிருந்தோ யு.பி.ஐ. வழியாகவோ பணம் மோசடியாகப் போனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசி, அவர்கள் தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பணம்.

பதிவு செய்ய மறுத்தால்?

சண்டை போட வேண்டாம். புகாரின் நகலைத் தபாலில் தென்காசி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். 173-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு இதற்கு வழி செய்கிறது. அதற்கும் பலன் இல்லையென்றால், வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய தபால் ரசீது அங்கே தேவைப்படும். அதைத் தொலைத்துவிடக் கூடாது.

எண் கிடைத்தபின் செய்ய வேண்டியவை

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில், போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தெரிவித்த தாமதத்தை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரியில் சொன்னது. அதற்காக நாமே தாமதம் செய்ய வேண்டியதில்லை. கன்னக்களவு பாலிசியில் இன்னொரு நுட்பமும் உண்டு. பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் இருந்தால்தான் பணம் கிடைக்கும் என்ற பாலிசி நிபந்தனையை 2004-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உடைந்த பூட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

கணக்கரிடமும் சொல்லுங்கள். திருடு போன சரக்குக்கு எடுத்திருந்த உள்ளீட்டு வரிச் சலுகையை, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)-ஆவது பிரிவின்படி திருப்பிச் செலுத்த வேண்டும். இருப்பில் விழுந்த குறைவு திருட்டால்தான் வந்தது என்று காட்ட, நாளைக்கு அதிகாரி முன் வைக்கக்கூடிய நல்ல ஆதாரம் எஃப்.ஐ.ஆர். நகல்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. குற்றவாளி கிடைக்கவே இல்லையென்றால், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற இறுதி அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் கேட்கும். சரக்கு கிடைத்துவிட்டால், அதைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. கோர்ட்டில் மனு செய்து இடைக்காலப் பொறுப்பில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் வியாபாரம் போகுமே என்று நினைத்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறோம். போனால் போகட்டும் என்று ஒருவர் விட்டுவிடும் திருட்டு, அடுத்த கடைக்காரரின் ஷட்டரில்தான் வந்து முடியும். பதிவாகாத திருட்டு அரசாங்கக் கணக்கில் நடக்காத திருட்டு. நம் தெருவில் இரவு ரோந்து வேண்டும் என்று நாளை சங்கம் மனு கொடுக்கும்போது, 'அங்கே வழக்கே இல்லையே' என்ற பதில் வராமலிருக்க வேண்டுமானால், ஒவ்வொருவரும் தம் வழக்குக்கு எண் வாங்கியிருக்க வேண்டும்.

கடையில் சரக்கு வாங்குகிறவரிடம் பில் இல்லாமல் போகாதீர்கள் என்று சொல்கிறோம். காவல் நிலையத்துக்குப் போகும்போது நாமும் அதை மறக்காமல் இருப்போம்.