நொண்டும் குஞ்சும் தையல்காரி கையும்

நான் வைத்தியம் படித்தவள் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். கூடவே சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். ஊசி பிடிக்கிற கைக்கு நிதானம் இருக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ, எங்கள் தெருவில் எந்தக் குஞ்சு நொண்டினாலும் முந்தானையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். "கால் ஒடிஞ்சு போச்சுக்கா, ஒரு கட்டுப் போட்டு விடுங்க." எல்லார் வாயிலும் இதே பேச்சுதான். ஆனால் வருகிறவற்றில் பாதிக்கு மேல் எலும்பு ஒடிந்திருப்பதே இல்லை. ஒடியாத காலுக்குக் கட்டுப் போட்டால் நல்ல காலும் கெடும்.

அதனால் கட்டுத் துணியை எடுக்குமுன் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குஞ்சை ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றி, தலையையும் லேசாக மூடிவிட்டால் அடங்கிவிடும். நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் அது மூச்சு விட முடியும். இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துப்போகும்.

முதலில் நல்ல காலைத் தடவுங்கள், பிறகு நொண்டுகிற காலை. எங்கே சூடு, எங்கே வீக்கம், எங்கே கோணல் என்று அப்போதுதான் தெரியும். பின்பக்கம் முனை நீட்டி மடிகிற மூட்டை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம், அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. விரலை மெல்லக் கிள்ளினால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் நரம்புக்கு உயிர் இருக்கிறது.

என் தொழிலில் கழிகிற பொருள்தான் குஞ்சுகளுக்கு முதல் எமன். நூல்! தையல் நூல், சாக்கு நூல், தலை வாரி எறிந்த மயிர். குப்பையைக் கிளறும்போது விரலில் சுற்றி, நடக்க நடக்க இறுகி, தோலுக்குள் புதைந்துவிடும். மேலே பார்த்தால் வெறும் வீக்கம்தான் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சதையில் மெல்லிய பள்ளம் ஓடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, ஊசி முனையால் நூலைத் தூக்கி, சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். ஒரு சுற்று வெட்டியதும் நிறுத்திவிடாதீர்கள், கீழே இன்னொன்று இருக்கும். பிறகு போவிடோன் அயோடின் தடவினால் போதும். விரல் ஏற்கெனவே கறுத்துக் காய்ந்திருந்தால் அது உதிர்ந்துவிடும். விரல் போன கோழியும் மேயும், முட்டையிடும்.

உண்மையில் ஒடிவது, மாடு மிதித்தோ கதவிடுக்கில் சிக்கியோதான். கணுக்காலுக்குக் கீழே, செதிலோடு இருக்கிற தண்டுப் பகுதி ஒடிந்திருந்தால் வீட்டில் சமாளிக்கலாம். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறினால் குஞ்சுக் காலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். விளிம்பு தோலைக் கிழிக்காமலிருக்க முதலில் காலைச் சுற்றி மெல்லிய பஞ்சு, அதன்மேல் ஸ்ட்ரா, அதன்மேல் மருந்துக் கடையில் விற்கிற பேப்பர் பிளாஸ்திரி. இறுக்கம் அறிய விரல்கள் வெளியே தெரிய வேண்டும். அவை சில்லென்றோ நீலமாகவோ ஆனால் உடனே தளர்த்துங்கள். வளர்கிற குஞ்சின் கால் நாளுக்கு நாள் பருக்கும். ஆகவே மூன்று நான்கு நாளுக்கொரு முறை பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். பறவை எலும்பு சீக்கிரம் கூடும்; இரண்டு மூன்று வாரத்தில் ஊன்றத் தொடங்கும். தொடை ஒடிந்தாலோ எலும்பு வெளியே தெரிந்தாலோ என்னிடம் வராதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பொரித்த ஓரிரு நாளில் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, தவளைபோல் கிடக்கிற குஞ்சுகள் வேறு ரகம். வழுக்குகிற தரையும் செய்தித்தாள் விரிப்புமே பெரும்பாலும் காரணம். இரண்டு காலையும் அதன் உடல் அகலத்துக்கு, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, பிளாஸ்திரியால் விலங்குபோல் இணைத்து, சொரசொரப்பான சாக்கில் விடுங்கள். முதல் வாரத்துக்குள் செய்தால் சில நாளிலேயே கால் நேராகும். பிறகு எலும்பு முற்றிவிடும்.

கட்டே தேவைப்படாத நொண்டலும் உண்டு. விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, கணுக்காலால் நடக்கிறதென்றால் ரைபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் பற்றவில்லை. வெறும் நொய் மட்டும் போட்டு வளர்த்தால் இப்படி ஆகும். பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தும் அவித்த முட்டை மஞ்சள் கருவும் முருங்கைக்கீரையும் ஆரம்பத்தில் கொடுத்தால் சரியாகும். கணுக்கால் வீங்கித் தட்டையாகி, பின்னாலிருக்கிற நரம்புக்கயிறு பக்கவாட்டில் நழுவியிருந்தால் அது மாங்கனீசு, கோலின் குறைவாக இருக்கலாம். அதை மருத்துவர் கை பார்க்க வேண்டும். ஒரு கால் முன்னேயும் ஒரு கால் பின்னேயும் நீட்டிக் கிடந்தால் மாரெக் நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தில்லை, பொரித்த அன்று போடுகிற தடுப்பூசிதான். பச்சையாகக் கழிந்து கழுத்தும் திருகினால் வெள்ளைக் கழிச்சல் என்று சந்தேகித்து, அந்தக் குஞ்சை முதலில் மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். மாரெக்கோ கழிச்சலோ என்று பட்டால் 1962-க்கு போன் போட்டுக் கேளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. நம் வீட்டில் கிடக்கிற வலி மாத்திரையைப் பொடித்துக் குஞ்சுக்குப் புகட்டுகிற பழக்கம் பெருகிவிட்டது. அப்படியொரு வலி மருந்தான டைக்ளோஃபினாக் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மருந்தை ஊசியாகப் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்றுதான் இந்நாட்டுப் பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைப் போடக் கூடாதென்று அரசு தடை போட்டது. கோழியும் பறவைதானே?

அடிபட்ட குஞ்சைத் தனியே அட்டைப் பெட்டியில் வைத்து, தண்ணீரும் தீவனமும் அலகுக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். ரத்தம் தெரிந்தால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். இறகு முளைக்காத குஞ்சுக்கு ஒரு பல்பு வெப்பமும் வேண்டும். ஆனால் பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோகாமல் பஞ்சாரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சத்தம் கேட்காமல் நாளாகிவிட்டால் தாய்க்கோழி தன் குஞ்சையே அந்நியமாக நினைத்துக் கொத்தும். திரும்பச் சேர்ப்பதும் இருட்டிய பிறகுதான் நல்லது. தாய் அடைந்ததும் சிறகுக்கடியில் மெல்லத் தள்ளிவிட்டு, விடிகாலையில் பஞ்சாரத்தைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கொத்த வந்தால் இன்னும் இரண்டு நாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.