மறுபடி தறியில் உட்கார முடியுமா?

ஆரணியில் பட்டு நெய்பவர் குழித்தறியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் குழிக்குள் இருக்கும். மிதிப்பலகையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். ஒவ்வொரு முறையும் தரைமட்டத்திலிருந்துதான் எழ வேண்டும். அவருக்கு மூட்டுத் தேய்ந்து, "முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி" என்று மருத்துவர் சொன்னால், தெரிய வேண்டியது ஒன்றுதான்: "மறுபடி தறியில உட்கார முடியுமா டாக்டர்?"

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதற்குப் பதில் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சிகிச்சை என்ன, எதற்கு, பலன் என்ன, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் எவை, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என எல்லாவற்றையும் மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் தந்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுயநினைவோடு இருக்கும் அப்பாவுக்காக மகன் கையெழுத்துப் போட்டால் போதாது.

முழங்கால் மாற்றில் தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி உலோக உறை பொருத்துவார்கள். நடுவில் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். கிருமித் தொற்று, காலில் ரத்தம் உறைதல், மூட்டு விறைப்பு ஆகியவை வரக்கூடும். சிலருக்கு வலி முழுதாகப் போகாது. நடக்கலாம், படி ஏறலாம். சம்மணமிடுவதையும் குந்துவதையும் தவிர்க்கும்படி பலருக்குச் சொல்வார்கள். குழித்தறிக்காரருக்கு அது பிழைப்பையே மாற்றும் செய்தி. உயரத்தில் உட்காரும் மேடைத்தறிக்கு மாறலாமா, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரையோடு இன்னும் சில காலம் தள்ளலாமா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

செலவையும் கேளுங்கள். செயற்கை முழங்காலுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதை உங்கள் வார்த்தையில் மருத்துவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.