டயர் ஏன் உரசுகிறது?

ஸ்போர்ட்ஸ் கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயர் 'சர்ர்' என்று உரசினால், பழி உடனே டயரின் அகலத்தின்மீது விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சிறு குற்றவாளிதான். 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 185 மி.மீ. டயரைக் கழற்றி 205 போட்டால், பக்கத்துக்கு ஏறக்குறைய 10 மி.மீ. கூடும். வீலின் ஆஃப்செட்டை (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரத்தை) 45 மி.மீ.யிலிருந்து 25-க்குக் குறைத்தாலோ, முழுச் சக்கரமும் 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஆகவே முதலில் தடயத்தைத் தேட வேண்டும். ஃபெண்டரின் உள்மடிப்பில் பெயின்ட் தேய்ந்து பளபளத்தால், சக்கரம் மேலேறும்போது உரசுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் சத்தம் என்றால், ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் லைனரின் முன்பின் ஓரங்களில் கருப்புத் தீற்றல் தெரியும்.

"நேற்றுவரை உரசவில்லையே, ஷாக் அப்சார்பர் போய்விட்டதோ?" என்று கேட்கலாம். பாதி சரி. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். அது தேய்ந்தால் ஓடும்போது சக்கரம் கூடுதலாகத் துள்ளும். நிற்கும் உயரம் பெரிதாக மாறாது. காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இருபக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் சந்தேகம் ஸ்பிரிங்மீதுதான். சுருளின் கடைசிச் சுற்று உடைந்திருப்பதும் உண்டு. ஃபெண்டர் விளிம்பை மடித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். உடைந்த ஸ்பிரிங் அப்படியே இருக்கும்.