சதுரகிரி ஏறுறீங்களா? முதல்ல ஓடைகளைக் கணக்குல எடுங்க

வத்திராயிருப்புலேர்ந்து தாணிப்பாறை போயிட்டா மலை ஆரம்பிச்சிடும். சுந்தரமகாலிங்கம் கோயில் வரைக்கும் சுமார் 10 கிலோமீட்டர். ‘இந்தப் பக்கம் ஏறி, வருசநாட்டுப் பக்கம் இறங்கி ஒரு சுத்து வரலாமே’ன்னு பலருக்கும் ஆசை. நீங்களா அப்படிக் கிளம்பாதீங்க. 2021-லேர்ந்து இது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அனுமதி உள்ள நாளான்னு வனத்துறைகிட்ட கேட்டுட்டு, போன வழியிலேயே திரும்புங்க.

ஏற நாலு மணி நேரம், இறங்க மூணுன்னு வைங்க. காலை 6 மணிக்குக் கிளம்பினா 10 மணிக்கு மேலே. 11-க்குத் திரும்பினா 2 மணிக்கு அடிவாரம். ஏன் இவ்வளவு அவசரம்? கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் பிடிக்கும். வழியில மாங்கனி ஓடை மாதிரி ஓடைகளைக் கடக்கணும். உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும். உச்சியில பெய்ஞ்ச மழை பாறைச் சரிவுல அப்படியே வழிஞ்சு திடீர்னு வந்து சேரும். 2015 மே மாசம் இப்படி வந்த வெள்ளத்துல பக்தர்கள் சிலர் இறந்தே போனாங்க.

தண்ணி கலங்குதா, சருகு அடிச்சிட்டு வருதா, இரைச்சல் கூடுதா? உடனே மேட்டுக்கு ஏறிடுங்க. செல்ஃபி அப்புறம். முழங்கால் அளவு தண்ணிதானேன்னு இறங்காதீங்க, வேகமா ஓடுற தண்ணிக்கு அதுவே போதும் காலை வாரிவிட. மழை விட்டா இந்த மாதிரி ஓடைகள் சில மணி நேரத்துல வடிய ஆரம்பிக்கும். அதனாலதான் பையில டார்ச்சும் ஒருவேளை சாப்பாடும் கூடுதலா இருக்கணும்னு சொல்றேன்.