அட்டை இல்லாதவருக்கும் வங்கிக் கணக்கு உண்டு

"ஆதார் இல்லையா? எடுத்துக்கிட்டு வாங்க." வங்கிக் கவுண்டரில் இந்த ஒரு வரியைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் திரும்பி நடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட செங்கல் சூளைத் தொழிலாளி, ஊர் ஊராகப் போய் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண், காப்பகத்தில் இருக்கும் முதியவர், தண்டனை முடிந்து வெளியே வந்தவர் என்று இவர்கள் பலவகை. அடுத்து இவர்கள் செய்வது மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். கூலியை மேஸ்திரி கணக்கிலோ மச்சான் கணக்கிலோ போடச் சொல்லிவிடுவார்கள்.

வங்கியைப் பொறுத்தவரை பணம் யார் கணக்கில் விழுகிறதோ, அது அவர் பணம். அவர் இறந்தால் அவருடைய நாமினிக்குப் போகும். அவர் கட்டாத கடனுக்கு வங்கி பிடித்துக்கொண்டால், உழைத்தவர் போய்க் கேட்கக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

கவுண்டரில் சொல்லப்படும் அந்த வரிக்குச் சட்டத்தில் இடமில்லை. அடையாள ஆவணம் எதுவுமே இல்லாதவருக்கும் கணக்கு திறக்க வழி செய்யும் விதி, பணமோசடித் தடுப்பு விதிகளில் 2010 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் 'ஸ்மால் அக்கவுண்ட்', அதாவது சிறு கணக்கு. வாடிக்கையாளரை அடையாளம் காண ரிசர்வ் வங்கி வகுத்த கேஒய்சி விதிகளிலும் அது இருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியபோது, ஆவணம் இல்லாதவர்கள் இந்த வழியில் வரலாம் என்று ரிசர்வ் வங்கி மறுபடியும் நினைவூட்டியது. இத்தனைக்குப் பிறகும் "அப்படி ஒண்ணு கிடையாதே" என்று கிளையில் சொல்கிறார்கள் என்றால், அதை அறியாமை என்று மன்னித்துவிட முடியாது.

சிறு கணக்கைத் தேடிப் போவதற்கு முன், வீட்டுப் பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, பெயரும் முகவரியும் உள்ள தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம் ஆகிய ஆறில் ஒன்று இருந்தாலே வழக்கமான கணக்கு திறக்கலாம். நூறு நாள் வேலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே "என்கிட்ட ஒண்ணும் இல்லை" என்பவர்கள் ஏராளம். ரேஷன் கார்டை நீட்டிவிட்டு, ஏன் வாங்க மறுக்கிறார்கள் என்று சண்டை போடுபவர்களும் உண்டு. ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. பான் கார்டும் இல்லை. கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள், அரசு தரும் திருமணப் பதிவுச் சான்றைப் பழைய பெயரில் உள்ள அட்டையோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்.

ஆதார் அட்டை தொலைந்தவர் ஆதார் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். பதிவு மையத்தில் கைரேகை வைத்தோ, 1947 என்ற எண்ணில் கேட்டோ பழைய எண்ணை மீட்க வழி இருக்கிறது. புதிதாகப் பதியப் போனால் பழைய கைரேகையோடு மோதி விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

உண்மையிலேயே எதுவும் இல்லை என்றால், செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒன்றில் தானே கையெழுத்தோ கைநாட்டோ வைத்து எடுத்துப் போக வேண்டும். கவுண்டரில் நின்று விவாதிக்காமல் நேரே கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில், "என்னிடம் அரசு ஏற்கும் அடையாள ஆவணம் எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி எனக்கு ஸ்மால் அக்கவுண்ட் திறந்து தரவும்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் யாரையாவது எழுதச் சொல்லிக் கைநாட்டு வைக்கலாம். வங்கி அதிகாரி தன் முன்னிலையில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கச் செய்து, "என் முன்பாக வைக்கப்பட்டது" என்று சான்றளித்துக் கையொப்பமிடுவார். அந்தச் சான்றுதான் இங்கே அடையாள அட்டையின் இடத்தை நிரப்புகிறது. ஆகவே நேரில் போகாமல் ஆள் விட்டு முடிக்க முடியாது. சிறையில் இருப்பவருக்குச் சிறைப் பொறுப்பு அதிகாரியே முன்னின்று சான்றளிப்பார்.

இந்தக் கணக்குக்கு வரம்புகள் உண்டு. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்ந்து 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இருப்பு எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அரசு உதவித்தொகை, கொள்முதல் பணம் வரும்போது இந்த இருப்பு வரம்பைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பணம் வராது. மாதம் 10,000 ரூபாய் கூலி விழுகிறவருக்குப் பத்தே மாதத்தில் லட்சம் நிரம்பிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து காலக்கெடு. சிறு கணக்கின் ஆயுள் முதலில் 12 மாதம் மட்டுமே. அதற்குள் மேலே சொன்ன ஆவணங்களில் ஏதாவது ஒன்றுக்கு விண்ணப்பித்ததற்கான சான்றைக் காட்டினால் இன்னொரு 12 மாதம் நீட்டிப்பார்கள். பாஸ்புக் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பதின்மூன்றாம் மாதம் பணம் எடுக்கப் போனால் கணக்கு முடங்கியிருக்கும்.

அதனால் கணக்கு திறந்த வாரமே ஆதார் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்கக் கூடாது. ஆவணம் இல்லாதவருக்கு, ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தில் தாசில்தாரோ சட்டமன்ற உறுப்பினரோ புகைப்படத்தோடு கையொப்பமிட்டுத் தரும் வழி இருக்கிறது. பதிவு முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு ஒன்று தருவார்கள். 14 இலக்கப் பதிவு எண்ணும் தேதியும் நேரமும் அதில் இருக்கும். கணக்கை நீட்டிக்க வங்கி கேட்கும் சான்று அந்தச் சீட்டுதான். மை அழிவதற்குள் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலில் சேரப் படிவம் 6 கொடுத்தாலும் ஒப்புகை கிடைக்கும், அதுவும் செல்லும். திரும்பச் சொல்வதில் தவறில்லை: 12 மாதத்துக்குள் அந்தச் சீட்டு மேலாளர் மேசைக்குப் போயாக வேண்டும்.

விரல் ரேகை தேய்ந்துபோன முதியவர்களையும் முகம் சிதைந்தவர்களையும் "மெஷின் எடுக்கல" என்று திருப்பி அனுப்புவது தனிக் கொடுமை. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் கேஒய்சியை இத்தகையவர்களும் முடிக்கும்படி மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று உத்தரவிட்டது. அதன்பின் ரிசர்வ் வங்கியும், யோசிக்காமல் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று விதியைத் திருத்தியது. வாய்மொழியாக "முடியாது" என்பவரிடம், அந்தக் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அலைச்சல் தாங்காமல் புரோக்கரிடம் போவதுதான் மிக ஆபத்து. அவர் தயாரித்துத் தரும் போலி அட்டை பிடிபட்டால் வழக்கு அட்டைக்காரர் மீதும் வரும். "கணக்கு நான் திறந்து தர்றேன், ஏடிஎம் கார்டையும் சிம்மையும் மட்டும் என்கிட்ட குடு" என்பவர், சைபர் மோசடிப் பணத்தைக் கடத்த ஆள் தேடுகிறார் என்றே கொள்ள வேண்டும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். கார்டைக் கொடுக்காதீர்கள். சிம்மைக் கொடுக்காதீர்கள்.

கிளையில் மனுவை வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடமும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் நகல் கொடுக்கலாம். 30 நாளில் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் அனுப்பலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இணையம் தெரியாதவர்கள் சண்டிகர் செக்டார் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப்படுத்தப்பட்ட புகார் பெறும் பிரிவுக்கு, பின்கோடு 160017 எழுதித் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. புகாரோடு வங்கிக்குக் கொடுத்த மனுவின் நகலும் தபால் ரசீதும் இருக்க வேண்டும். வங்கியிடம் முதலில் முறையிடாமல் நேரே அனுப்பும் புகாரை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.