மட்கும் கழிப்பறையில் ஈக்களைத் தடுத்தல்

சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரலில் அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்திலும், பாறைப்பாங்கான சிற்றூர்களில் கோடையில் கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் தேடுவது எளிதன்று. இத்தகைய இடங்களுக்கு நீர் ஊற்றாத மட்கும் கழிப்பறை ஏற்றதே. ஆயினும், குடும்பத்தார் தாமே கட்டிய கழிப்பறையில் ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டால், அவர்கள் மீண்டும் வெளிக்கே செல்லத் தலைப்படுவர். கட்டிய செலவு வீணாகும்.

ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிக்கும். வெப்பக் காலத்தில் ஏழு முதல் பத்து நாள்களில் அது முழு ஈயாகிவிடும். இடையிலுள்ள புழுப்பருவத்திற்கு இன்றியமையாதது ஈரம். எனவே ஈத்தடுப்பின் முதற்பணி, தொட்டியை உலர்ந்த நிலையில் வைப்பதேயாம்.

நீரால் கழுவும் நம் வழக்கம் இதற்கு இடையூறாகத் தோன்றலாம். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் பரப்பிய கழிப்பறை இதற்கு விடை காட்டியது. மலம் மட்டும் தொட்டியில் விழும். சிறுநீருக்கு ஒரு வழி, கழுவிய நீருக்கு வேறொரு வழி. கழுவிய நீர் செடிப் பாத்திக்குச் செல்கிறது. அந்நீர் தொட்டிக்குள் இறங்கித் தேங்குமாயின், ஈயோடு கியூலெக்ஸ் கொசுவும் பெருகும்.

ஒவ்வொரு முறையும் மலம் மறையுமளவு சாம்பல் தூவவேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சுவதோடு காரத்தன்மையையும் கூட்டுகிறது. வெல்லம் காய்ச்சும் சித்தூர்ப் பகுதியில் கரும்புச் சக்கை எரித்த சாம்பலுக்குப் பஞ்சமில்லை. பசுஞ்சாணம் ஆகாது, அதுவே ஈயை அழைக்கும். மதிப்பீட்டுப் படிவங்களில் சுவரையும் கூரையையும் எண்ணுகிறோம். சாம்பல் டப்பா இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

அடுத்தது காற்றுக்குழாய். இன்றைய சிம்பாப்வேயில் 1970-களில் பீட்டர் மோர்கன் இரு குழிக் கழிப்பறைகளை ஒப்பிட்டார். குழாயில்லாததில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஈக்கள் பிடிபட்டன. குழாயுள்ளதில் இருநூறுகூட இல்லை. நாற்றம் குழாயின் உச்சி வழியே வெளியேறுவதால் வெளி ஈக்கள் அங்கேயே சுற்றுகின்றன. வலை அவற்றைத் தடுக்கிறது. உள்ளே பிறந்த ஈ, ஒளியை நாடிக் குழாயில் ஏறி வலையில் சிக்கி மடிகிறது. ஆகவே அறை சற்று இருட்டாக இருத்தல் வேண்டும். அன்றேல் ஈ துவாரத்தின் வழியே அறைக்குள் வந்துவிடும். சாதாரண இரும்பு வலை விரைவில் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு வலையே நிலைக்கும். பயன்படுத்தாத வேளையில் துவாரத்திற்கு மூடியும், எரு எடுக்கும் பின்வாயிலின் இடுக்குகளுக்குக் காரைப் பூச்சும் தேவை.

புழு கண்டுவிட்டால் பலர் பூச்சிமருந்தை நாடுகின்றனர். அது மட்கச் செய்யும் உயிர்களையும் கொல்லும். உலர்ந்த சாம்பலை மிகுதியாக இட்டு, நீர் புகும் வழியைக் கண்டு அடைப்பதே தக்கது.

தொட்டிகள் இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்று நிரம்பியதும் மூடி ஓராண்டு விடவேண்டும். ஈத் தொல்லைக்கு அஞ்சி முன்னதாகத் திறந்து, கூலிக்கு ஆள் வைத்து அள்ளச் செய்தல் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். முற்றும் மட்காத மலத்தைக் கையால் அள்ளுவிப்பதை அச்சட்டம் தடைசெய்கிறது.